பின்பக்கக் கேட்டைத் திறக்கச் சொன்ன என் மகள்

எண்பதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் சிட்லபாக்கத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்த ஒரு சின்ன காலனியில் வீடு கட்டிக் குடிவந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவருக்கு மவுண்ட் ரோடில் வேலை. எனக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் உத்தியோகம். காலையில் ஆளுக்கொரு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடுவோம்.

எங்களுக்கு ஒரே மகள். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பாள். ரிப்பன் ஏன் சிவப்பு, சுமங்கலிகளுக்கு மட்டும் ஏன் தாம்பூலம், ஏன் அப்பா மட்டும் முதலில் சாப்பிட வேண்டும் என்று பதில் சொல்லி மாளாது. "போற இடத்துல இப்படி வாயாடினா உன்னை எவன்டி வெச்சுக் குடித்தனம் பண்ணுவான்?" என்று நானும் மற்ற அம்மாக்கள் மாதிரிதான் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு குடியிருப்பு இருந்தது. நாங்கள் மனை வாங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழ்கிறவர்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள், எங்கள் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள். ஒரு சின்ன கோயிலும் அதைவிடச் சின்ன சர்ச்சும் அங்கே உண்டு. அந்த ஜனங்கள் ஸ்டேஷனுக்குப் போக எங்கள் கடைசித் தெரு வழியாகத்தான் வருவார்கள். ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி இறங்கினால் ஜி.எஸ்.டி. ரோடு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கேதான்.

அந்த வருடம் எங்கள் தெருவில் ஓர் அம்மாள் சாயங்காலம் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ கழுத்துச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த அம்மாள் கீழே விழுந்ததில் தோள்பட்டை பிசகிவிட்டது. காலனியே கொதித்துப் போனது. திருடனைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் எல்லோருடைய விரலும் பின்பக்கம்தான் நீண்டது. "அந்த ஜனங்க போக வர நம்ம தெருதான் கெடைச்சுதா?" என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டே வாரத்தில் கடைசித் தெருவின் முனையில் ஓர் இரும்பு கேட்டாக வந்து நின்றது. விடியற்காலையில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்காக வாட்ச்மேன் அதைத் திறப்பார். அவர்கள் உள்ளே வந்ததும் பூட்டிவிடுவார். அதோடு மறுபடி அவர்கள் வீடு திரும்பும்போதுதான் திறப்பார். காலனிச் சங்கத்தின் கமிட்டியில் என் கணவரும் இருந்தார். அவரும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். எனக்கும் அன்று அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

ஒரு நாள் ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு தினம் தண்டவாளத்தைத் தாண்டிப் போறாளே, நீங்க கவனிக்கறதில்லையா?" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் பாலம் கூப்பிடு தூரம். இவள் எதற்குத் தண்டவாளத்துக்குப் போக வேண்டும்?

மாலையில் மகளிடம் கேட்டேன். மறைக்கவில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிற தோழி, பின்பக்கக் குடியிருப்புப் பெண். அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி. கேட் பூட்டியதிலிருந்து அங்கேயுள்ள பிள்ளைகளுக்கு இரண்டே வழி. ஒன்று, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவது. மழையில் அந்தக் கரை முழங்கால் சேறு. இன்னொன்று, முட்புதருக்குள் புகுந்து மேட்டில் ஏறித் தண்டவாளத்தைத் தாண்டுவது.

"அவங்க அப்படிப் போனா நீ ஏன்டி போகணும்?"

"அவளுக்கு ரெண்டு கைதானேம்மா இருக்கு? தங்கச்சியைப் பிடிச்சுக்கணும், பக்கத்து வீட்டுக் குட்டிங்களையும் பிடிச்சுக்கணும். நான் போய் ரெண்டு பேரைப் பிடிச்சுக்கறேன்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாளையிலிருந்து போகக் கூடாது என்று கண்டித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததுமே, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் ஆபீசுக்குத் தாமதமாக வருவதாக ஏற்பாடு செய்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்றுதான் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேட்டுக்குக் கீழே பிள்ளைகள் எல்லோரும் குடையும் பிளாஸ்டிக் பையுமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் தோழி பயந்துபோய், "ஆன்ட்டி, நான் வர வோணாம்னுதான் சொன்னேன். இவதான் கேக்கல" என்றாள். ஒல்லியான பெண். யூனிபார்மை அவ்வளவு வெள்ளையாகத் துவைத்துப் போட்டிருந்தாள். அந்த முகத்துக்கு எதிரில் மகளை இழுத்துக்கொண்டு போக மனம் வரவில்லை. சரி, இன்று ஒரு நாள் இவர்களைத் தாண்டவிட்டுவிட்டு வருவோம் என்று நானும் மேட்டில் ஏறினேன்.

முதல் பாதையில் தாம்பரம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்தது. எல்லோரும் நின்றோம். அது தாண்டிப் போனதும், பிள்ளைகள் வழக்கம்போலக் கையைக் கோத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். நான் கருங்கல் ஜல்லியில் கால் வழுக்கிப் பின்தங்கிவிட்டேன். போன ட்ரெயினின் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அதன் வால் பக்கத்திலிருந்து, அடுத்த பாதையில், எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வெளிப்பட்டது. வெளியூரிலிருந்து எழும்பூர் போகிற எக்ஸ்பிரஸ். தாமதமாக வந்ததோ என்னவோ, அசுர வேகம்.

"ரயிலு வருது! ஓடுங்க!" என்று தோழி கத்தினாள். பிள்ளைகள் அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள். அப்போதுதான் அவள் தங்கையின் ரப்பர் செருப்பு காலிலிருந்து கழன்று தண்டவாளத்துக்கு நடுவில் விழுந்தது. அந்தக் குழந்தை கையை உதறிவிட்டு அதை எடுக்கத் திரும்பியது. என் மகள் அதன் பின்னால் பாய்ந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லி அலறினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்துவிட்டது.

அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டிகளோ. ஒவ்வொரு பெட்டியும் போகப் போக, சக்கரங்களுக்கு இடையில் குனிந்து குனிந்து பார்க்கிறேன். ஒரு குடை சுழன்றுகொண்டு போவது தெரிந்தது. ஒரு புத்தகப் பை தெரிந்தது. ஆள் தெரியவில்லை. கடவுள் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. "அம்மா இங்க இருக்கேன், அம்மா இங்க இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைசிப் பெட்டி போனது. அந்தப் பக்கம் ஜல்லிச் சரிவில் என் மகள் குப்புறக் கிடந்தாள். அவளுக்கு அடியில் அந்தக் குழந்தை. நான் எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. புரட்டிப் பார்த்தால் முழங்கையில் சதை பிய்ந்து ரத்தம் கொட்டுகிறது, ஆனால் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தோழி ஓடி வந்து தங்கையின் முதுகில் பளார் பளாரென்று அடித்தாள். "செருப்பு போனா போவுது, நீ பூட்டா நான் அம்மாக்கு இன்னா சொல்வேன்?" என்று அடித்துக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதாள்.

என் கைக்குட்டையைக் கிழித்து மகளின் கையில் கட்டினேன். வீட்டுக்குப் போகலாம் என்றேன். "ஸ்கூல்ல டெட்டால் இருக்கும்மா, லேட்டாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளோடு நடந்து போய்விட்டாள். நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "இனிமே ஒரு நாள்கூட நீ அந்தப் பக்கம் போகக் கூடாது" என்று மகளிடம் சொன்னார்.

"நான் போகலேன்னா ட்ரெயின் நின்னுடுமாப்பா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழமை மீட்டிங். கேட்டை எடுத்துட்டு ஒரேயடியா சுவரே எழுப்பிடலாம்னு பேசி வெச்சிருக்காங்க. வேலைக்கு வர்றவங்க சுத்தி வரட்டுமாம். செங்கல் வந்து இறங்கிடுச்சு. நான் ஒருத்தன் என்ன சொல்ல முடியும்?" என்றார்.

"அப்போ நான் சொல்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் படம் போடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே கூட்டம் வைத்திருந்தார்கள். சங்கத் தலைவர் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு கார் ஷெட்டில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். செயினைப் பறிகொடுத்த அம்மாளும் தோளில் கட்டோடு வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் முன்வரிசையில். பின்பக்கத்து ஆட்கள் ஒருவரும் இல்லை. அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

தலைவர் சுருக்கமாகப் பேசினார். சுவர், அதன்மேல் கண்ணாடித் துண்டு, செலவு எல்லோருக்கும் சமம். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். தீர்மானத்தை எழுத ஒருவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எனக்கு இருக்கு அங்கிள்."

எனக்கு இன்னொரு பக்கத்தில் இருந்த என் மகள் எழுந்து நின்றிருந்தாள். எல்லா முகமும் திரும்பியது. யாரோ சிரித்தார்கள். "சின்னப் பசங்கள்லாம் விளையாடப் போங்கம்மா" என்றது ஒரு குரல்.

அவள் உட்காரவில்லை. தண்டவாளத்தில் நடந்ததை அப்படியே சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. முழங்கைக் கட்டைக் காட்டிக்கூடப் பேசவில்லை. "அந்தக் குழந்தை ரெண்டாங்கிளாஸ் அங்கிள். சுவர் கட்டினா அது தினமும் அப்படித்தான் போகணும்" என்றாள்.

"அவங்க பசங்களை அவங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார் ஒருவர்.

"காலையில பாத்திரம் தேய்க்க வர்ற அம்மாவுக்கு கேட்டைத் திறக்கறோம். அதே அம்மாவோட பொண்ணு ஸ்கூலுக்குப் போறதுக்கு ஏன் திறக்கக் கூடாது?"

ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினார்கள். செயின் அம்மாளின் மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்கம்மா சாகக் கிடந்தாங்க. உனக்கு அதெல்லாம் கதையா தெரியுதா? யார் வீட்டுப் பொண்ணு இது?" என்று அவளை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைத்தான். அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாமா என்று கை போனது. அவள் இடது கையைப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கை கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கை பாதியிலேயே நின்றுவிட்டது.

தலைவர் என் கணவரைப் பார்த்து, "சார், உங்க பொண்ணை உட்காரச் சொல்லுங்க. இது பெரியவங்க கூட்டம்" என்றார்.

என் கணவர் எழுந்தார். அவர் கூட்டங்களில் அதிகம் பேசாதவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவரையே பார்த்தேன். மகளும் திரும்பி அவரைப் பார்த்தாள். "நான் சொன்னா உட்கார மாட்டா சார். உட்காரச் சொல்லவும் எனக்கு மனசில்லை. அவ முடிச்சுடட்டும்" என்று சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

அப்போதுதான் அவள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். சண்டைக்கு நின்றவனைவிட்டு, என் பக்கத்தில் இருந்த செயின் அம்மாளிடம் திரும்பினாள். அவர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, "ஆன்ட்டி, உங்களைத் தள்ளினவன் எந்தப் பக்கமா போனான்?" என்று கேட்டாள்.

"அம்மாவை ஏன் தொந்தரவு பண்றே?" என்று மகன் கத்தினான். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். மகனைப் பார்த்தார். மறுபடி என் மகளைப் பார்த்தார்.

"மோட்டார் சைக்கிள்ல வந்தாங்கம்மா, ரெண்டு பேர்" என்றார் கடைசியில். "மெயின் ரோடு பக்கமா போயிட்டாங்க. பேன்ட், ஷர்ட், கறுப்புக் கண்ணாடி. நான் அன்னிக்கே சொன்னேன். வலில உளர்றேன்னு சொல்லிட்டாங்க."

"அம்மா, நீ சும்மா இரு."

"எதுக்குடா சும்மா இருக்கணும்? நான் விழுந்து கெடந்தப்போ முதல்ல ஓடி வந்து தூக்கினது யாரு? அந்தப் பக்கத்துலேர்ந்து வேலைக்கு வர்றவதானே? அவ வழியைத்தான் அடைக்கறீங்க."

அந்த மகன் தான் தள்ளிவிட்ட நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

தலைவர் எளிதில் விடவில்லை. இந்தத் திருட்டு எப்படி நடந்திருந்தாலும் நாளைக்கு ஒன்று நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். காரசாரமாகப் பேச்சு போனது. எங்கள் முகத்துக்கு நேராகவே சிலர் சுடுசொல் சொன்னார்கள். "பொண்ணைத் தூண்டிவிட்டு வேடிக்கை பாக்கறாங்க" என்று ஒரு பெண்மணி எனக்குக் கேட்கும்படியே சொன்னார். கடைசியில், சுவர் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். செயின் அம்மாள் கட்டுப் போடாத கையைத் தூக்கினார். அதைப் பார்த்துச் சில பெண்கள் தூக்கினார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாகத் தூக்கினார்கள். சுவர் வேண்டாம் என்றாயிற்று, நூலிழையில். கேட் இருக்கும், ஆனால் காலையிலிருந்து இருட்டும் வரை திறந்திருக்கும். அவ்வளவுதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "ரொம்ப பயந்துட்டேன்மா. அவர் கிட்ட வந்தப்போ அடிச்சுடுவாரோன்னு நினைச்சேன்" என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்டுக்கு ஒன்றுமே படிக்கவில்லை என்று அழ ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு மறந்துபோன கெமிஸ்ட்ரியை அவளுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வாட்ச்மேன் கேட்டை விரியத் திறந்து வைத்துவிட்டு, "போங்க கண்ணுங்களா, இனிமே பேஜார் இல்ல" என்றதாக மகள் வந்து சொன்னாள். காலனி அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. அடுத்த கொலுவுக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். என் கணவர் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஆனால் அந்தத் தோழியும் அவள் தங்கையும் பள்ளிப் படிப்பு முடியும்வரை எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். தங்கை பிற்பாடு நர்சிங் படித்தாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது நன்றாக வளர்ந்து, என்னைவிட உயரமாக இருந்தாள். அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன். அந்தக் கடைசிப் பெட்டி தாண்டிப் போன நொடி அப்படியே கண்முன் வந்துவிட்டது.

என் மகளுக்கு இப்போது நரை எட்டிப் பார்க்கிறது. அவள் வாங்கிய மார்க்குக்கும் வேலைக்கும் எத்தனையோ முறை சந்தோஷப்பட்டிருக்கிறேன், அதெல்லாம் வந்து போன சந்தோஷங்கள். பெருமை என்று நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது முதுகுக்குப் பின்னால் நடுங்கிய அந்தக் கைதான், கூடவே அன்றைய பயமும் வரும். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.